இறப்பு: நிலுவையில் உள்ளது

ஒரு நாட்டுக்குக் குடிமகன் ஆவதற்குச் சட்டம் பல வழிகளை வகுத்திருக்கிறது. அங்கே பிறக்கலாம். அங்கே பிறந்த ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தே தலை நரைக்கலாம். இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலில்லாத வழி ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, அதன் காரணமாக இறந்துபோவதுதான் அது. இந்த வழியில் போனவர்களுக்கு நேர்காணல் கிடையாது, ஆங்கிலப் பரீட்சை கிடையாது, முதல் ஜனாதிபதி யார் என்று யாரும் கேட்பதில்லை. இறந்த தேதியிலிருந்து அவர் குடிமகன். அதற்கு முந்தைய நாள்வரை அவர் யாராக இருந்தார் என்பது பற்றிச் சட்டம் நாகரிகமாக வாயைத் திறப்பதில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், இந்த விஷயத்தில் சந்தேகம் கேட்டு அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்து யார் போன் செய்தாலும் பதில் சொல்கிறவன் நான்தான். போனில் என் பெயர் மார்க், ஊர் ஃபீனிக்ஸ். நிஜத்தில் பெயர் எலியாசர், ஊர் மெக்சிகோவில் திஹுவானா, ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே மூன்றாம் மாடி. எங்கள் கால் சென்டரில் பாதிப் பேர் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவால் நாடு கடத்தப்பட்டவர்கள். எங்கள் உடம்பு எல்லையைத் தாண்டக் கூடாது. குரல் தாண்டலாம். நல்ல குரலுக்கு மாதக் கடைசியில் கேக்கும் உண்டு.

பக்கத்து நாற்காலியில் ஸ்டீவ், அதாவது ஃபெர்மீன் ஒகாம்போ. அவன் மகள் இட்சேலுக்கு நான் ஞானத்தகப்பன். எங்கள் ஜனங்களில் இந்த உறவு வந்துவிட்டால் இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். சண்டை போட்டால்கூட 'போடா கொம்பாத்ரே' என்றுதான் போடவேண்டும்.

நாங்கள் இருவரும் சின்ன வயதில் எல்லைக்கு அந்தப் பக்கம் போய், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டையோடு அமெரிக்காவில் சான் டியேகோவில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூட உணவறையில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சார்ஜென்ட் ஒருவர் இலவசமாகச் சாவி வளையம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபெர்மீன் அவரிடம், "சேர்ந்தா குடியுரிமை கிடைக்குமா சார்?" என்று கேட்டான். "தானா வந்துரும் தம்பி," என்றார் அவர். பிறகு ஒரு நாள் கொடிக்கு முன்னால் எங்களை நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொல்லி, உறுதிமொழி சொல்லவைத்தார்கள். அதுதான் குடியுரிமை உறுதிமொழி என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டோம். அது ராணுவ உறுதிமொழி. குடியுரிமைக்கு வேறு கொடி, வேறு அறை, வேறு நாள். யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் கையைத் தூக்கியாகிவிட்டதே.

பாலைவனத்து முகாமில் நான் குப்பை லாரி ஓட்டினேன், ஃபெர்மீன் குப்பையைக் குழியில் போட்டு எரித்தான். டயர், பிளாஸ்டிக், பேட்டரி, கக்கூஸ் கழிவு, எல்லாம். ஊர் திரும்பியதும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. இருமல் வந்தது. ஒரு சாயங்காலம் மதுக்கடையில் யாரோ நாற்காலியைப் பின்னாலிருந்து இழுக்க, இவன் அவன் மூக்கை உடைத்துவிட்டான். வழக்கு, சிறை, கடைசியில் ஒரு நீதிபதி.

"நீங்க இந்த நாட்டுக் குடிமகன் இல்லையே," என்றார் நீதிபதி.

"உறுதிமொழி எடுத்தேனே ஐயா."

"எந்த உறுதிமொழி?"

"இந்த நாட்டுக்காகச் சாவேன்னு."

"அது சரி. வாழுறதைப் பத்தி ஏதாவது எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. நாடு கடத்திவிட்டார்கள். என் வழக்கு வேறு, அது இந்தக் கதைக்கு வேண்டாம். முடிவு ஒன்றுதான்.

எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நிற்கிற அதிகாரி வருகிற ஆளின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். குடிமகன் என்றால், "வீட்டுக்கு வாங்க," என்று சொல்லி அனுப்புவார். மற்றவர்களுக்கு அது கிடையாது, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் கிடைக்கும். இங்கே மலிவாகப் பல் கட்டிக்கொண்டு திரும்புகிற கிழவர்களுக்குக்கூட அந்த வார்த்தையைத் தினமும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர்கள் அதைத் தன்னைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது ஃபெர்மீனின் ஆசை.

அந்த வருஷம் இட்சேலுக்குப் பதினைந்து முடிகிறது. எங்களிடையே அது கல்யாணத்துக்கு அடுத்தபடியான விழா. பெண் தட்டைச் செருப்போடு மண்டபத்துக்கு வருவாள். அப்பா எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு, அதைக் கழற்றிவிட்டு, அவளுடைய முதல் குதிகால் செருப்பை மாட்டிவிட வேண்டும். பிறகு இருவரும் ஒரு வால்ட்ஸ் ஆட வேண்டும். விழாவை இந்தப் பக்கம் வைக்க முடியாது. மகளோடு சான் டியேகோவில் இருக்கிற ஃபெர்மீனின் மனைவி நொயெமிக்கு அங்கே தங்குவதற்குப் பேப்பர் இல்லை, இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. மாமா ஒருவர் செருப்பு மாட்டிவிடட்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள்.

"அப்பா வராட்டி நான் கிழவி ஆகுற வரைக்கும் தட்டைச் செருப்புதான்," என்றாள் இட்சேல். அப்பன் புத்தி.

ஃபெர்மீன் திஹுவானாக் கடையில் வெள்ளைக் குதிகால் செருப்பு வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டான். ஒரே ஒரு சனிக்கிழமைக்கு எல்லை தாண்ட அனுமதி கேட்டு அமெரிக்க அதிகாரிகளுக்கு எழுதினான். மறுத்தார்கள். மனிதாபிமான அடிப்படையில் கேட்டான். செருப்பு மாட்டுவது மனிதாபிமானப் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது.

இந்த நேரத்தில்தான் மிஸ்டர் டன்ஹாம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். மறைவுக்குப் பிந்தைய குடியுரிமைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர். நல்ல மனிதர், இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அவர் எங்களைப் பார்வையிட வரும் நாளிலெல்லாம் தற்செயலாகக் கீழே பல் டாக்டரிடமும் அவருக்கு வேலை இருக்கும்.

"இந்த லைன்ல கூப்பிடுறவங்ககிட்ட 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கக் கூடாது," என்றார் டன்ஹாம். "'விண்ணப்பதாரர் பக்கத்துல இருக்காரா'ன்னு கேக்கவே கூடாது. 'நன்றியுள்ள தேசத்தின் சார்பில்'னு ஆரம்பிச்சுட்டீங்கன்னா எதுவும் தப்பாப் போகாது."

ஃபெர்மீன் கையைத் தூக்கினான். கை தூக்குவதில் அவனுக்கு இன்னும் புத்தி வரவில்லை.

"சார், நாடு கடத்தின ஆள் செத்தா?"

"ராணுவ வேலையால வந்த நோய்ல செத்தா, தாராளமா. நாடு கடத்துறது உயிரோட இருக்கிறவங்க சமாச்சாரம். அது வேற டிபார்ட்மெண்ட்."

"அடக்கம் எங்க சார்?"

"நம்ம தேசிய மயானத்துல. கொடி போர்த்தி, பியூகிள் ஊதி, துப்பாக்கி மரியாதையோட."

"பொண்டாட்டி?"

"குடிமகனோட விதவையாச்சே. அவங்களும் பேப்பருக்கு மனு போடலாம். குடும்ப நலனையும் யோசிச்சுதான் சட்டம் போட்டிருக்காங்க."

ஃபெர்மீன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இடைவேளையில் அவன் கீழே பல் ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போக, நானும் பின்னாலேயே போனேன். டன்ஹாம் ஒரு பக்கத் தாடை மரத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபெர்மீன் விஷயத்தைச் சொன்னான். அவர் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பயனாளியை நேர்ல பாக்குறது இதுதான் முதல் தடவை," என்றார். குரல் தழுதழுத்தது. மருந்தாலும் இருக்கலாம். "கௌரவமா விடுவிச்சாங்களா?"

"ஆமா சார்."

"போர்க்களம்?"

"குப்பை எரிச்சேன் சார்."

"நோய்?"

ஃபெர்மீன் இருமிக் காட்டினான். அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாத் தகுதியும் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"தெரியும் சார்."

"அவசரமே இல்ல. உங்க சௌகரியம் போல."

"எனக்கு அவசரம் சார். மகள் விழா அக்டோபர்ல."

"அதுக்குள்ள முடியுமா?"

"டாக்டர் அடுத்த வருஷம் நடுவுலங்கிறார்."

"அடடா," என்றார் டன்ஹாம், உண்மையான வருத்தத்தோடு.

அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. போர்கள் மந்தமாகிவிட்டன. அந்த வருஷம் அவர் பிரிவுக்குப் பயனாளிகளே இல்லை. ஆள் சாகாததால் ஆபீஸ் சாகும் நிலை. மேலிடத்துக்குக் காட்ட ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடத்தியாக வேண்டும். அவர் தாடையைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"விதியில ஒத்திகைன்னு ஒண்ணு இருக்கு," என்றார். "எல்லை தாண்டி வர்ற உடலை வாங்கி, மரியாதை பண்ணி, உறவினர்கிட்ட கொடி கொடுக்கிற வரைக்கும் முழு ஒத்திகை. நிஜப் பெட்டி, நிஜப் பேர், நிஜப் பேப்பர். உள்ள மட்டும் மணல் மூட்டை."

"நான் மணல் மூட்டையா வர்றேன் சார்."

"மணல் மூட்டைக்குத் திரும்பி வர்ற பொறுப்பு உண்டு."

"மணல் மூட்டை சத்தியம் பண்ணுது சார்."

டன்ஹாம் அதைச் சட்டப்படி எல்லாப் பக்கமிருந்தும் திருப்பிப் பார்த்தார். உயிருள்ள ஒகாம்போ எல்லை தாண்டுவதற்குத் தடை இருந்தது. இறந்த ஒகாம்போவுக்குத் தடை இல்லை. மணல் மூட்டையைப் பற்றி எந்தத் தடையும் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அனுமதி. படிவத்தில் இறப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. அவர் பொய் எழுதாத மனிதர். 'நிலுவையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறவினர் வசதியைக் கருதி, அவர்கள் ஏற்கெனவே பிடித்திருந்த மண்டபத்திலேயே, அதே சனிக்கிழமை ஒத்திகை என்றும் முடிவாயிற்று.

"கொம்பாத்ரே, இது உனக்கே அபசகுனமாத் தோணல?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கையிலேயே அடக்கத்தைப் பாக்க எத்தனை பேருக்குக் குடுத்து வெச்சிருக்கு? நீ பொறாமைப்படாத."

சனிக்கிழமை காலை அவனை அவனுடைய பழைய சீருடையில் பெட்டிக்குள் படுக்கவைத்தோம். செருப்பை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான். இருமல் மருந்தை மூடியால் அளக்காமல் பாட்டிலோடு குடித்தான். மூடியைச் சாத்துவதற்கு முன், "காத்து வருதாடா?" என்று கேட்டேன். "அந்தக் குழியைவிட நல்லா வருது," என்றான். வண்டி கிளம்பியது. நான் மேலே போய் மார்க் ஆனேன்.

கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது.

"எல்லை வாசல்லேர்ந்து பேசறேன்," என்றது ஒரு குரல். "மறைந்தவங்க விஷயத்துல சந்தேகம் வந்தா உங்களைக் கூப்பிடச் சொல்லி ஒட்டியிருக்கு. இங்க ஒரு பெட்டி வந்திருக்கு."

"நன்றியுள்ள தேசத்தின் சார்பில் சொல்லுங்க சார்."

"பெட்டி இருமுது."

பிடித்தால் அவனுக்குச் சிறை. இட்சேல் மண்டபத்தில் தட்டைச் செருப்போடு நிற்பாள். இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று திரையில் சிவப்பு விளக்கு வேறு எரிந்தது.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கு சார்?"

"இறப்பு நிலுவையில் உள்ளதுன்னு. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா இருக்கு."

"அப்ப அந்த இருமல் நிலுவையில சேர்ந்தது சார்."

அந்தப் பக்கம் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. மனிதர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. யோசிக்க விடுவது ஆபத்து.

"இறந்தாரா இல்லையான்னு முடிவு பண்றது உங்க வாசலோட வேலையா சார்?"

"இல்ல. நாங்க வர்றவங்களைத்தான் பாக்குறோம்."

"பேப்பர் சரியா இருக்கில்ல. விடுங்க."

"இப்பத்தான் தெளிவாச்சு. ஃபீனிக்ஸ்ல வெயில் எப்படி மார்க்?"

"கொளுத்துது சார்," என்றேன். ஜன்னலுக்கு வெளியே திஹுவானாவில் தூறிக்கொண்டிருந்தது.

அதிகாரி சல்யூட் அடித்தார் என்று வண்டி ஓட்டியவன் பிறகு சொன்னான். 'வீட்டுக்கு வாங்க' மட்டும் சொல்லவில்லை. நிலுவையில் இருக்கிறவர்களுக்கு அது கிடையாதாம்.

விழாவை நொயெமியின் போன் வழியாக நான் பார்த்தேன், ஒரு காதில் வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு. வெள்ளைக் கையுறை போட்ட மரியாதைப் படை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தது. பின்னணியில் மூன்றடுக்கு இளஞ்சிவப்பு கேக். பியூகிள் ஊதினார்கள். துப்பாக்கி மரியாதைக்கு மண்டபத்தில் அனுமதி இல்லாததால் வாயால் "டுமீல்" என்றார்கள். கொடியை முக்கோணமாக மடித்து, ஒரு சிப்பாய் இட்சேலுக்கு முன்னால் மண்டியிட்டு, நன்றியுள்ள தேசத்தின் சார்பில் அதைக் கொடுத்தான். அந்த நேரத்தில் ஃபெர்மீன் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, அவனுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு, தட்டைச் செருப்பைக் கழற்றினான்.

"இறுக்கிப் பிடிக்குதாம்மா?" என்று கேட்டான். அவன் மனதில் இருந்த பாதம் கொஞ்சம் சின்னது.

"இல்லப்பா, சரியா இருக்கு," என்றாள் அந்தப் பெண், விரலை மடக்கிக்கொண்டு.

பியூகிள்காரருக்கு வால்ட்ஸும் தெரிந்திருந்தது. அப்பனும் மகளும் ஆடினார்கள். ஃபெர்மீன் நடு நடுவே நின்று மூச்சு வாங்கினான். அவள் அது ஆட்டத்தின் ஒரு பகுதி போல அவனைச் சுற்றி வந்தாள். நான் அழுதேன். என் வாடிக்கையாளர் என்ன ஆயிற்று என்று கேட்டார். நெட்வொர்க் கோளாறு என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் டன்ஹாம் படம் எடுத்துக்கொண்டார், கொடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார், ஒத்திகை முடிந்ததாக அறிவித்தார். மணல் மூட்டை சத்தியத்தைக் காப்பாற்றியது. அமெரிக்காவை விட்டுப் போகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு சுழல் கதவுதான், தள்ளினால் மெக்சிகோ. ஃபெர்மீன் மகளின் தட்டைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். திங்கட்கிழமை ஸ்டீவ் ஆகி வேலைக்கு உட்கார்ந்தான். டன்ஹாமின் பிரிவை மூடும் யோசனை கைவிடப்பட்டது.

டாக்டர் சொன்னதற்குச் சில மாதம் முன்னாலேயே, பிப்ரவரியில், நிலுவை தீர்ந்தது. அது எப்படி நடந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவன் கை என் கையில் இருந்தது, அவ்வளவுதான். டன்ஹாம் அவனுடைய ஃபைலை அவரே தூக்கிக்கொண்டு ஓடினார். உயிரோடு இருந்தவனுக்கு ஒரு சனிக்கிழமை கொடுக்க முடியாத ஆபீஸ், அவன் செத்த வாரமே அவனைக் குடிமகன் ஆக்கியது. நொயெமியின் மனுவுக்கும் சம்மதம் வந்துவிட்டது. இனி அவள் எப்போது வேண்டுமானாலும் திஹுவானாவுக்கு வந்து போகலாம். இங்கே பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

இந்தத் தடவையும் பெட்டியை அனுப்பிவிட்டு நான் மேலே போய் மார்க் ஆனேன். என்னால் அடக்கத்துக்குப் போக முடியாது. நான் உயிரோடு இருக்கிறேன். போன் அடித்தது.

"மார்க், ஞாபகம் இருக்கா? அக்டோபர்ல ஒரு பெட்டி இருமிச்சே."

"இருக்கு சார்."

"அதே பேர்ல இன்னொண்ணு வந்திருக்கு. ஆனா இந்தத் தடவை சத்தமே இல்ல. எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. இது அதே ஆள்தானா? திறந்து பாக்கட்டுமா?"

நன்றியுள்ள தேசத்தின் சார்பில் என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"திறக்காதீங்க சார்," என்றேன். "அவர் இப்ப அமெரிக்கக் குடிமகன். காரணம் இல்லாம அவரை நிறுத்தி வெக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"குடிமகனா? மன்னிக்கணும், கவனிக்கல," என்றார் அதிகாரி. போனைக் கீழே வைக்க மறந்துவிட்டு அவர் பெட்டிப் பக்கம் திரும்பியது எனக்குக் கேட்டது. குரலை மரியாதையாகத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்னார்.

"வீட்டுக்கு வாங்க, மிஸ்டர் ஒகாம்போ."

நான் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, மேஜையில் கவிழ்ந்தேன். அழுகையோடு இருமலும் வந்தது. கொஞ்ச நாளாகவே வருகிறது. அந்தக் குழிக்கு லாரி ஓட்டியது நான்தானே. அடங்கி நிமிர்ந்து பார்த்தால், எங்கள் வரிசையில் இருந்த பழைய சிப்பாய்கள் எல்லோரும் பேசுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெர்மீனின் நாற்காலிக்குப் புதிதாக வந்தவன் மெல்ல என் பக்கம் சாய்ந்தான்.

"ராணுவத்துல பிடிச்ச இருமலாண்ணே?"

"ஆமா."

"குடுத்து வெச்சவர்," என்றான் அவன், பெருமூச்சு விட்டபடி. "எனக்கெல்லாம் நுரையீரல் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க."